வாக்களித்தும் நம்பாதவர்கள்

2012ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் சங்கரன்கோவில் தனித்தொகுதியில் இடைத்தேர்தல் நடைபெற்றது. மறுநாளே, கூடங்குளம் அணுமின் நிலையத்தைத் திறக்கலாம் எனத் தமிழக அமைச்சரவை தீர்மானித்தது. மக்களின் அச்சம் நீங்கும்வரை பணிகளை நிறுத்தவேண்டும் என்று 2011 செப்டம்பர் 22 அன்று தீர்மானம் நிறைவேற்றியதும் அதே அமைச்சரவையே. இரண்டு ஊர்களும் அந்நாளில் ஒரே திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தன. தீர்மானம் சரியா தவறா என்பது வேறு வழக்கு. வாக்குப்பெட்டி மூடும்வரை அது காத்திருந்தது என்றே போராடிய கடற்கரை மக்கள் கண்டனர். மறுபக்கம் திரும்பவும் அவர்களுக்கு வழியில்லை. அந்நிலையத்தை முன்னின்று நடத்திய மத்திய காங்கிரஸ் கூட்டணி அரசில் தி.மு.க.வும் பங்கு பெற்றிருந்தது.

அரசியல் சலிப்பு என்றதும், வாக்களிக்க வராதவர்களையே நாம் எண்ணுகிறோம். சங்கரன்கோவிலிலோ அன்று நூற்றுக்கு 75 பேருக்கு மேல் வாக்களித்தனர்; ஆளுங்கட்சியாகிய அ.இ.அ.தி.மு.க. 68,000 வாக்குகளுக்கு மேல் வேறுபாட்டில் வென்றது. 2021இல் அதே தொகுதி ஏறத்தாழ 5,300 வாக்கு வேறுபாட்டில் தி.மு.க. வசமாயிற்று. நம்பிக்கை இழந்தவரும் வரிசையில் நிற்கிறார். எவர் வந்தாலும் ஒன்றே என்று சொல்லிக்கொண்டு வீடு திரும்புகிறார். ஆகவே வாக்குப்பதிவு விகிதத்தைக் கண்டு மக்களாட்சி நலமாயிருக்கிறது என நாம் தேறிவிடலாகாது.

உச்சநீதிமன்றத்தின் 2013 செப்டம்பர் 27 தீர்ப்பினால் ‘நோட்டா’ வந்தது. ஆனால் சட்டமன்றத் தேர்தலில் நோட்டாவுக்கே மிகுதியான வாக்குகள் விழுந்தாலும், வேட்பாளர்களுள் முதலில் நிற்பவரே வென்றவராவார். மறுப்பைப் பதிவு செய்யலாம். எவரையும் விலக்க இயலாது.

தேர்தல் காலங்களில் யோதாமின் உவமையைப் பிரசங்கிப்பது நம் வழக்கம் (நியாயாதிபதிகள் 9). முட்செடியாகிய அபிமெலேக்கைக் கடிந்து பேசி முடித்துவிடுகிறோம். அவனுக்கு 70 வெள்ளிக்காசு கொடுத்தவர்கள் யார், எங்கிருந்து கொடுத்தார்கள் என்பதை அரிதாகவே கேட்கிறோம். கொடுத்தவர்கள் சீகேமின் மனிதர். பணமோ பாகால்பேரீத்தின் கோவிலிலிருந்து வந்தது. அப்பணத்தால்தான் அவன் வீணரைக் கூலிக்கு அமர்த்திக்கொண்டான். கெரிசீம் மலையுச்சியிலிருந்து யோதாம் கேட்ட கேள்வியும் அவனை அரசனாக்கிய அந்த மனிதரை நோக்கியதே: நீங்கள் உண்மையாய் நடந்தீர்களா?

வாக்கை விற்காதீர் என்று பிரசங்க பீடத்திலிருந்து கூறும்போது சபையார் நம்மை ஒரு மாதிரியாகப் பார்ப்பது இதனால்தான். திருச்சபைத் தேர்தல்களில் விருந்தும் வாகனமும் ஓடுவதை அவர்கள் அறியாதவர்கள் அல்லர். அடுத்த சேகர கமிட்டித் தேர்தலில் நிற்போர் தங்கள் செலவுக் கணக்கைச் சபையார்முன் வைக்க ஆயத்தமா என்று குருவானவர்கள் கேட்டுப் பார்க்கட்டும்.