கட்டிலில் ஆள் இருக்கிறாரா? வீட்டிலேயே செய்யும் எடை உணரி

நள்ளிரவு நேரம். வீட்டில் எல்லோரும் உறங்குகிறார்கள். முதியவர் ஒருவர் தண்ணீர் குடிப்பதற்காகக் கட்டிலிலிருந்து எழுகிறார். விளக்கின் சுவிட்சோ அறையின் மறு கோடியில் இருக்கிறது. இருட்டில் சுவரைத் தடவிக்கொண்டு நாலைந்து அடி நடந்தாக வேண்டும். அந்த நாலைந்து அடிகளில்தான் கால் இடறுகிறது. கீழே விழுவதால் உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 6,84,000 பேர் இறக்கின்றனர் என்று உலக சுகாதார நிறுவனம் 2021-இல் குறிப்பிட்டது. இவர்களில் பெரும் பங்கினர் 60 வயதைக் கடந்தவர்கள்.

முதியவர் எழுந்து உட்கார்ந்தவுடனே கட்டிலுக்கு அடியில் ஒரு சிறு விளக்கு தானாக எரிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்! அதற்குக் கட்டிலில் ஆள் படுத்திருக்கிறாரா, உட்கார்ந்திருக்கிறாரா, எழுந்துவிட்டாரா என்பதை ஒரு கருவி அறிய வேண்டும். அத்தகைய கருவியை உயர்நிலைப் பள்ளி மாணவர்களே செய்ய முடியும். அது எவ்வாறு வேலை செய்கிறது என்பதை இக்கட்டுரையில் பார்ப்போம்.

எடையே நல்ல சாட்சி

அலுவலகங்களில் ஆள் நடமாட்டம் கண்டு விளக்கு எரியும் கருவியை நீங்கள் பார்த்திருக்கலாம். உடலிலிருந்து வரும் அகச்சிவப்புக் கதிர்களில் ஏற்படும் மாற்றத்தை அது உணர்கிறது. ஆனால் அசையாமல் உறங்குபவரை அது அறியாது. அதன் கணக்கில் அந்த அறை காலி! காமிரா வைத்தால் தெரியும். ஆனால் படுக்கை அறையில் காமிரா வைப்பதை யார் விரும்புவார்கள்?

எடைக்கு இந்தக் குறைகள் இல்லை. உறங்கினாலும் விழித்திருந்தாலும், போர்த்தியிருந்தாலும் இல்லாவிட்டாலும், உடலின் எடை கட்டிலின் கால்கள் வழியாகத் தரைக்குச் சென்றே ஆக வேண்டும். ஆகவே கால்களுக்கு அடியில் எடையை அளந்தால் போதும்.

இதைவிட எளிய வழியும் ஒன்று உண்டு. துளைகள் இட்ட மெல்லிய பஞ்சு ஒன்றின் இரு புறமும் அலுமினியத் தாள்களை ஒட்டி மெத்தைக்கு அடியில் வைக்கலாம். ஆள் படுத்தால் பஞ்சு அமுங்கும். துளைகளின் வழியே தாள்கள் இரண்டும் தொட்டுக்கொண்டு மின்சுற்று முழுமையாகும். செலவு மிகக் குறைவு. ஆயினும் சில வாரங்களில் பஞ்சு அமுங்கியே போய்விடும். மேலும் இது ‘உண்டு’, ‘இல்லை’ என்னும் இரண்டு விடைகளையே தரும். எவ்வளவு எடை என்று சொல்லாது. நமக்கு வேண்டியது அந்த அளவுதான். ஏன் என்பது பின்னர் விளங்கும்.

கம்பி நீண்டால் மின்தடை கூடும்

ஒரு கம்பியின் மின்தடை அதன் நீளத்துக்கு நேர்விகிதத்திலும், குறுக்குப் பரப்புக்கு எதிர்விகிதத்திலும் இருக்கும் என்று படித்திருக்கிறீர்கள். கம்பியை இழுத்தால் அது நீளும். அதே சமயம் மெலியும். நீளம் 100-க்கு 1 பங்கு கூடினால் குறுக்குப் பரப்பு ஏறக்குறைய 1 பங்கு குறையும். இரண்டும் சேர்ந்து மின்தடையைச் சுமார் 2 பங்கு உயர்த்துகின்றன. இழுக்கப்படும் கம்பியின் மின்தடை மாறுவதைப் பிரிட்டிஷ் விஞ்ஞானி கெல்வின் பிரபு 1856-இல் சோதனைகள் மூலம் காட்டினார்.

இந்த உண்மை பயனுள்ள கருவியாக மாறச் சுமார் 80 ஆண்டுகள் ஆயின. 1938-இல் அமெரிக்காவில் எட்வர்டு சிம்மன்ஸ், ஆர்தர் ரூஜ் என்னும் இருவர் தனித்தனியே ஒரே முடிவுக்கு வந்தனர். மெல்லிய கம்பியை ஓர் உலோகத் துண்டின்மேல் ஒட்டிவிட்டால், துண்டு வளையும்போது கம்பியும் சேர்ந்து நீளும் அல்லவா? இதுவே திரிபுமானி. இன்று கம்பிக்குப் பதிலாக மெல்லிய உலோகத் தகடுகள் பெரும்பாலும் பயன்படுகின்றன. நாம் ஏறி நின்று எடை பார்க்கும் மின்னணுத் தராசின் நான்கு மூலைகளிலும் இருப்பவை இத்தகைய உணரிகளே.

50 கிலோ தாங்கும் இந்தச் சிறு உணரிகள் மின்னணுப் பொருள்கள் விற்கும் கடைகளில் கிடைக்கும். ஒவ்வொன்றிலும் மூன்று கம்பிகள் இருக்கும். உள்ளே இரண்டு மின்தடைகள் உண்டு. உலோகம் வளையும்போது ஒன்று சற்றே கூடும். மற்றொன்று சற்றே குறையும். மல்டிமீட்டரால் அளந்து பாருங்கள். நடுக்கம்பிக்கும் ஒவ்வொரு முனைக்கும் இடையே சுமார் 1000 ஓம் காட்டும். இரு முனைகளுக்கும் இடையே சுமார் 2000 ஓம் காட்டும். கம்பிகளின் நிறம் கடைக்குக் கடை மாறலாம். ஆகவே நிறத்தை நம்பாமல் அளந்தே நடுக்கம்பியைக் கண்டுபிடியுங்கள்.

நான்கு கால்கள், ஒரே சுற்று

முழு 50 கிலோவையும் ஏற்றினால்கூட 1000 ஓம் மின்தடை ஏறக்குறைய 1 ஓம் அளவே மாறும். அதாவது ஆயிரத்தில் ஒரு பங்கு. இவ்வளவு சிறிய மாற்றத்தை நேரடியாக அளப்பது கடினம். இதற்கு உதவுவதுதான் வீட்ஸ்டன் சமனச்சுற்று. இதனை 1833-இல் கண்டவர் சாமுவேல் ஹன்ட்டர் கிறிஸ்டி. 1843-இல் இதன் பயனை எடுத்துக்காட்டிப் பரப்பிய சார்லஸ் வீட்ஸ்டனின் பெயரே நிலைத்துவிட்டது.

நான்கு மின்தடைகளைச் சதுரமாக இணைத்து, எதிரெதிரான இரு மூலைகளில் மின்னழுத்தம் தருகிறோம். நான்கும் சமமானால் மற்ற இரு மூலைகளுக்கு இடையே மின்னழுத்த வேறுபாடு இராது. சமநிலை சிறிது குலைந்தாலும் ஒரு வேறுபாடு தோன்றும். பெரிய எண்ணில் சிறிய மாற்றத்தைத் தேடாமல், சுழியிலிருந்து விலகியது எவ்வளவு என்று மட்டும் பார்க்கிறோம். சுற்றின் சிறப்பு இதுவே.

நான்கு உணரிகளையும் கட்டிலைச் சுற்றி வரிசையாக 1, 2, 3, 4 என எண்ணிடுங்கள். முனைக்கம்பிகள் வெள்ளை, கறுப்பு எனக் கொள்வோம். 1-இன் வெள்ளையை 2-இன் வெள்ளையுடனும், 2-இன் கறுப்பை 3-இன் கறுப்புடனும், 3-இன் வெள்ளையை 4-இன் வெள்ளையுடனும், 4-இன் கறுப்பை 1-இன் கறுப்புடனும் இணைக்க வேண்டும். இப்போது ஒரு வளையம் உருவாகும். 1, 3 ஆகியவற்றின் நடுக்கம்பிகளுக்கு மின்னழுத்தம் தருகிறோம். 2, 4 ஆகியவற்றின் நடுக்கம்பிகளுக்கு இடையே வேறுபாட்டை அளக்கிறோம்.

இந்த இணைப்பில் நான்கு கால்களின் எடைகளும் தாமாகவே கூட்டப்படுகின்றன. தலைமாட்டில் நகர்ந்து படுத்தாலும் கால்மாட்டில் சுருண்டு படுத்தாலும் மொத்தம் மாறாது.

உணரியைப் பொருத்தும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். அதன் வெளிச்சட்டம் கெட்டியான பலகையில் அமர வேண்டும். நடுநாக்கு வளைவதற்கு அடியில் இடைவெளி வேண்டும். நடுநாக்கும் பலகையில் உட்கார்ந்துவிட்டால் எடை ஏற்றினாலும் எண் மாறாது. கட்டிலின் எடையும் ஆளின் எடையும் சேர்ந்து எந்த ஒரு காலிலும் 50 கிலோவைத் தாண்டக் கூடாது. கனமான மரக் கட்டில் என்றால் அதிக எடை தாங்கும் உணரிகளை வாங்குங்கள்.

மின்னழுத்தம் எண்ணாக மாறுகிறது

சுற்றுக்கு 5 வோல்ட் தருவதாகக் கொள்வோம். நான்கு உணரிகளிலும் முழு எடையாகிய 200 கிலோ இருந்தால், ஆயிரத்தில் ஒரு பங்காகிய 5 மில்லிவோல்ட் கிடைக்கும். 48 கிலோ எடையுள்ளவர் படுத்தால் 1.2 மில்லிவோல்ட்தான். இதனைப் பெருக்கி எண்ணாக மாற்ற எச்.எக்ஸ்.711 என்னும் சில்லு பயன்படுகிறது. அது 24 பிட் நுட்பம் கொண்டது. அளவிடும் வீச்சை 1,67,77,216 படிகளாகப் பிரிக்கிறது. மின்னிரைச்சலால் கடைசிப் படிகள் பயன்படாமல் போனாலும் நமக்கு வேண்டியதைவிட மிகுதியான நுட்பம் மீந்திருக்கும். நொடிக்கு 10 எண்கள் வீதம் ஆர்டுயினோ அல்லது ஈ.எஸ்.பி.32 போன்ற சிறு கணினிப் பலகைக்கு அது அனுப்பும்.

எண்ணைக் கிலோவாக மாற்றுவது எளிது. காலிக் கட்டிலின் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு 10 லிட்டர் தண்ணீர் நிரப்பிய வாளியை வைத்து மீண்டும் குறியுங்கள். தண்ணீரின் எடை 10 கிலோ. வாளியின் எடையைத் தனியே பார்த்துக் கூட்டிக்கொள்ளுங்கள். இரு எண்களின் வேறுபாட்டை மொத்தக் கிலோவால் வகுத்தால் ஒரு கிலோவுக்கு எத்தனை படி என்பது கிடைத்துவிடும்.

எண்ணிலிருந்து முடிவுக்கு

இப்போது கருவிக்கு எடை தெரியும். ஆனால் ஆள் இருக்கிறாரா என்பதை யார் சொல்வது? 15 கிலோவுக்கு மேல் இருந்தால் ஆள் உண்டு, குறைந்தால் இல்லை என்று ஒரே எல்லை வைத்தால் என்ன ஆகும்? எண் 15-க்கு அருகில் ஆடும்போதெல்லாம் விளக்கு எரிந்து எரிந்து அணையும்.

மேல்நிலைத் தொட்டிக்குத் தானாக நீரேற்றும் மோட்டாரை எண்ணிப் பாருங்கள். தொட்டி நன்கு குறைந்தபின் ஓடத் தொடங்கும், நிரம்பியபின்தான் நிற்கும். தொடங்க ஓர் எல்லை, நிற்க வேறோர் எல்லை. நாமும் அப்படியே செய்வோம். 20 கிலோவைத் தாண்டினால் ஆள் வந்துவிட்டார். 10 கிலோவுக்குக் கீழே இறங்கினால்தான் போய்விட்டார். மின்சுற்றில் இம்முறையை 1934-இல் அமைத்துக் காட்டியவர் ஆட்டோ ஷ்மிட். அப்போது அவர் ஓர் ஆராய்ச்சி மாணவர்.

ஆனால் ஆள் போனபிறகு எரியும் விளக்கு காலங்கடந்த விளக்கு! எழுந்து நின்றுவிட்டவருக்கு அது உதவாது. இங்கேதான் எடையின் அளவு கைகொடுக்கிறது. கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து பாதங்களைத் தரையில் ஊன்றும்போது உடல் எடையில் ஒரு பங்கு தரைக்குப் போய்விடுகிறது. படுத்திருக்கையில் 48 கிலோ காட்டியது, உட்கார்ந்ததும் 40 கிலோ காட்டுவதாகக் கொள்வோம். அப்படியானால் 44-க்குக் கீழே வந்தவுடன் விளக்கு எரிய வேண்டும். புரண்டு படுக்கையில் எண் கணநேரம் துள்ளும். ஆகவே 20 எண்களின், அதாவது 2 நொடிகளின் சராசரியையே பாருங்கள். பாதம் தரையில் எட்டாத உயரமான கட்டிலுக்கு இம்முறை பயன்படாது.

எல்லையை எங்கே வைப்பது? பொய்யாக ஒருமுறை விளக்கு எரிந்தால் உறக்கம் சற்றுக் கலையும். எரிய வேண்டியபோது எரியாவிட்டால் ஒருவர் விழக்கூடும். இரண்டு பிழைகளும் சமமல்ல. ஆகவே சந்தேகம் வந்தால் விளக்கு எரியட்டும் என்றே எல்லையை அமைக்க வேண்டும். கருவி எண்ணைத்தான் தரும். எந்தப் பிழையைப் பொறுக்கலாம் என்று தீர்மானிக்க வேண்டியவர்கள் நாமே.

மின்வெட்டுக்குப் பின்

பல தராசுகள் மின்சாரம் வந்ததும் அப்போதுள்ள எடையைச் சுழி என்று எடுத்துக்கொள்கின்றன. நம் கருவியும் அப்படிச் செய்தால்? இரவு 2 மணிக்கு மின்சாரம் போய்த் திரும்பினால், படுத்திருப்பவரையும் சேர்த்துக் காலிக் கட்டில் என்று கொண்டுவிடும். ஆகவே காலிக் கட்டிலின் எண்ணைக் கணினிப் பலகையின் அழியா நினைவகத்தில் பதித்து, தொடங்கும்போது அதையே படிக்கச் செய்ய வேண்டும்.

நாள் செல்லச்செல்ல வெப்பமாற்றத்தாலும், உலோகம் தொடர்ந்து சுமையைத் தாங்குவதாலும் எண் மெல்ல நகரும். போர்வையும் தலையணையும் எடையைச் சற்றே மாற்றும். எனவே கட்டில் காலியாக இருக்கும்போது மட்டும் அந்த எண்ணைச் சிறிது சிறிதாகத் திருத்திக்கொள்ளும்படி நிரல் எழுதுங்கள்.

கவனத்தில் கொள்க

விளக்குக்கு 5 வோல்ட்டில் எரியும் எல்.இ.டி. பட்டையையே பயன்படுத்துங்கள். 230 வோல்ட் மின்சாரத்தில் கை வைக்க வேண்டாம். கால்களுக்கு அடியில் வைக்கும் பலகைகள் வழுக்காதபடி ரப்பர் ஒட்டுங்கள். கட்டில் ஆடக் கூடாது. கம்பிகள் நடைபாதையில் கிடந்தால் அவையே காலை இடறும். படுப்பவரிடம் கருவியைப் பற்றிச் சொல்லி அனுமதி பெறுங்கள். நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் ஆளுக்கு இது மாற்று ஆகாது.

செய்து பாருங்கள்

1. வீட்டில் ஒவ்வொருவரும் படுத்திருக்கும்போதும், பாதம் ஊன்றி உட்காரும்போதும் எண்ணைக் குறியுங்கள். எத்தனை விழுக்காடு குறைகிறது? எல்லோருக்கும் ஒரே அளவா?

2. நான்கு உணரிகளையும் ஒன்றாகக் கூட்டியதால் ஆள் எந்தப் பக்கம் இருக்கிறார் என்பது மறைந்துவிட்டது. இடப்பக்கம் இரண்டு, வலப்பக்கம் இரண்டு எனத் தனித்தனிச் சுற்றாக அமைத்து, இரண்டு எச்.எக்ஸ்.711 சில்லுகளால் அளந்தால் என்னென்ன புதிதாக அறியலாம்? பாதம் எட்டாத உயரமான கட்டிலுக்கும் அப்போது வழி பிறக்குமா? சிந்தித்துப் பாருங்கள்.