ஏ.எம்.ஹெச் கம்மியா இருக்கா? பதறாதீங்க!

ரிப்போர்ட்டில் 'ஏ.எம்.ஹெச் குறைவு' என்று பார்த்ததுமே, 'எனக்குக் குழந்தையே பிறக்காதோ'ன்னு ராத்திரி முழுக்க கூகுள் பண்றவரா நீங்க? கொஞ்சம் பொறுங்க.

அதென்ன ஏ.எம்.ஹெச்?

சினைப்பையில் கருமுட்டைகள் வளரும் சின்னச் சின்ன நீர்ப்பைகள் சுரக்கும் ஹார்மோன், ஆன்டி முல்லேரியன் ஹார்மோன். கருமுட்டை இருப்பு எவ்வளவு என்பதை இது தோராயமாகச் சொல்லும். பீரியட்ஸின் எந்த நாளிலும் ரத்தம் கொடுக்கலாம். ஆனால், எஃப்.எஸ்.ஹெச் டெஸ்ட்டை 2 அல்லது 3-ம் நாளில்தான் எடுப்பார்கள்.

கம்மின்னா கர்ப்பம் ஆகாதா?

அப்படியில்லை. இது எண்ணிக்கையைச் சொல்லுமே தவிர, முட்டையின் தரத்தைச் சொல்லாது. தரத்தைப் பெரிதும் தீர்மானிப்பது வயதுதான். 30 முதல் 44 வயதுப் பெண்களிடம் அமெரிக்காவில் நடந்த ஆய்வு 2017-ல் வெளியானது. ஏ.எம்.ஹெச் குறைவாக இருந்தவர்களும் இயற்கையாகக் கருத்தரிப்பதில் மற்றவர்களைவிடப் பின்தங்கவில்லை!

அப்போ டெஸ்ட் எதுக்கு?

ஐ.வி.எஃப் சிகிச்சையில் ஊசி மருந்தின் அளவை முடிவு செய்ய இது உதவும். அளவு ரொம்ப அதிகமாக இருந்தால் பி.சி.ஓ.எஸ் இருக்கலாம், அவர்களுக்கு மருந்தைக் கவனமாகத்தான் கொடுப்பார்கள்.

கருத்தடை மாத்திரை சாப்பிடுறீங்களா? அதனாலும் அளவு குறையலாம். டாக்டரிடம் முதலிலேயே சொல்லிடுங்க.

ஒரு வருடம் முயன்றும் கரு தங்கவில்லை என்றால், 35 வயதைத் தாண்டியவர்கள் ஆறு மாதத்திலேயே, டாக்டரைப் பாருங்க. கணவரையும் கூட்டிட்டுப் போங்க. விந்தணுப் பரிசோதனையும் முக்கியம்!