மன உறுதி மட்டும் போதுமா?

மருத்துவக் கல்லூரி ஒன்றில் இருபத்தாறு ஆண்டுகள் உடலியங்கியல் கற்பித்தவன் நான். ஒவ்வோர் ஆண்டும் முதலாண்டு மாணவர்களுக்கு, நரம்பும் தசையும் சந்திக்கும் இடத்தில் என்ன நடக்கிறது என்பதைப் பாடமாக நடத்துவேன். அங்கே இருக்கும் நிகோடின் ஏற்பியின் படத்தைக் கரும்பலகையில் வரைவேன். பாடம் முடிந்ததும் கையிலிருந்த சுண்ணத்தூளைத் தட்டிவிட்டு, பின்வாசல் தேநீர்க் கடைக்கு நடப்பேன். ஏற்பியைப் பற்றி நான் பேசிய கடைசிச் சொல்லுக்கும், அதற்குத் தீனி போடும் சிகரெட்டின் முதல் இழுப்புக்கும் இடையே பத்து நிமிடங்கள்கூட இருந்ததில்லை.

ஒருநாள் அந்தக் கடையருகே ஒரு மாணவி தயங்கியபடி நின்று கேட்டார்: “சார், இவ்வளவும் தெரிந்த நீங்களே ஏன் விடவில்லை?” அதற்குள் மூன்று முறை விட்டு, மூன்று முறையும் தோற்றிருந்தேன். மனம் வைத்தால் முடியாதது உண்டா என்று மருத்துவ நண்பர்களே என்னைக் கடிந்திருக்கிறார்கள். மாணவிக்கு அன்று நான் பதில் சொல்லவில்லை. பதில் என் கரும்பலகைப் படத்திலேயே இருந்தது என்பது பின்னர்தான் உறைத்தது.

நிகோடின் ஏற்பி என்ற பெயரே சற்றுத் தவறான எண்ணத்தைத் தருவது. புகையிலைக்காக உடல் இந்த ஏற்பியைப் படைத்துக்கொள்ளவில்லை. நரம்பு முனைகளிலிருந்து சுரக்கும் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளை வரவேற்பதற்காகவே அது இருக்கிறது. அதை ஆராய்ந்தவர்களின் கையில் நிகோடின் கருவியாக இருந்ததால் இந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் ஜான் நியூபோர்ட் லாங்லி, 1905-இல் கோழியின் கால் தசைகளில் நிகோடின் ஏற்படுத்தும் விளைவை விவரித்தார். நிகோடின் பட்டதும் தசை இறுகியது. அத்தசைக்குச் செல்லும் நரம்பை வெட்டி, அது முற்றிலும் அழிந்த பிறகும் இறுகியது. தென்னமெரிக்கப் பழங்குடியினர் அம்பு முனையில் தடவும் கியுராரே நஞ்சைச் செலுத்தியபோது அந்த இறுக்கம் தளர்ந்தது. ஆனால் மின்சாரத்தால் நேரடியாகத் தூண்டினால் அதே தசை இயங்கியது. நரம்பும் அல்லாத, சுருங்கும் தசை இழையும் அல்லாத மூன்றாவது ஒன்று இடையில் இருக்க வேண்டும் என்று லாங்லி முடிவு செய்தார். அதை ‘ஏற்கும் பொருள்’ என்று அழைத்தார். இன்றைய மருந்தியல் முழுவதும் நிற்கும் அடித்தளங்களில் ஒன்று இந்த ஊகம்.

அந்த ஏற்கும் பொருள் உண்மையில் ஒரு கதவு. ஐந்து புரதத் துண்டுகள் வட்டமாக நின்று, நடுவே ஒரு துளையைச் சூழ்ந்திருக்கின்றன. அசிட்டைல்கோலின் வந்து ஒட்டியதும் துளை திறக்கிறது. ஏறத்தாழ ஒரு மில்லி விநாடி நேரத்தில் ஆயிரக்கணக்கான சோடியம் அயனிகள் உள்ளே பாய்கின்றன, தசை சுருங்குகிறது. உடனே அருகிலுள்ள நொதி ஒன்று அசிட்டைல்கோலினைச் சிதைத்துவிடுகிறது, கதவு மூடிக்கொள்கிறது. இந்த வரியை வாசிக்க உங்கள் விழிகள் நகர்வதும், உதரவிதானம் இறங்கி மூச்சு உள்ளே வருவதும் இக்கதவுகளின் வேலைதான்.

இந்தக் கதவின் அருமையை மனிதனுக்கு முன்பே அறிந்தவை பாம்புகள். நல்லபாம்பின் நஞ்சிலுள்ள சில புரதங்கள் நேராகச் சென்று இந்த ஏற்பியின் மீது அமர்ந்துகொள்கின்றன. கடிபட்டவரின் இமைகள் சரிகின்றன, பேச்சு குழறுகிறது, இறுதியில் மூச்சுத் தசைகள் நிற்கின்றன. தைவானின் கட்டுவிரியன் இனம் ஒன்றின் நஞ்சிலிருந்து சாங், லீ என்ற இரு ஆய்வாளர்கள் 1963-இல் பிரித்தெடுத்த ஆல்பா-பங்காரோடாக்சின், ஏற்பியை அவ்வளவு இறுக்கமாகப் பற்றிக்கொண்டது. அந்த நஞ்சையே தூண்டிலாக்கி ஏற்பியைப் பிடித்துவிட்டார்கள். மின்சார விலாங்கு மீனின் மின்னுறுப்பில் இந்த ஏற்பிகள் நெருக்கமாக நிறைந்திருப்பதால், 1970-இல் பாரிஸில் ழான்-பியர் ஷான்ழோவின் குழு அங்கிருந்துதான் அதைத் தனித்து அடையாளம் கண்டது.

பாம்போடு சண்டையிட்ட கீரி ஏதோ ஒரு மூலிகையைத் தின்று நஞ்சை முறித்துக்கொள்ளும் என்று சிறுவயதில் என் பாட்டி சொல்லக் கேட்டிருக்கிறேன். உங்கள் பாட்டியும் சொல்லியிருக்கலாம். மூலிகை எதுவும் இல்லை. கீரியின் தசை ஏற்பியில், நஞ்சு வந்து அமரும் இடத்தில் சில அமினோ அமிலங்கள் மாறியிருக்கின்றன. ஆல்பா-பங்காரோடாக்சினுக்கு அங்கே பிடி கிடைப்பதில்லை. பாட்டியின் கதையைவிட இது எனக்கு அதிக வியப்பளித்தது.

விலாங்கு மீன் ஆய்வு எதிர்பாராத இன்னொரு வாசலையும் திறந்தது. 1973-இல் ஜிம் பேட்ரிக், ஜான் லிண்ட்ஸ்ட்ரோம் ஆகியோர் விலாங்கின் ஏற்பியை முயல்களுக்குச் செலுத்தினர். அதற்கெதிராக முயல்களின் உடலில் உருவான எதிர்ப்பொருள்கள், முயல்களின் சொந்த ஏற்பிகளையே தாக்கின. முயல்கள் தலைதூக்க முடியாமல் துவண்டன. மாலையாக ஆக இமை சரிந்து, மெல்லவும் விழுங்கவும் சிரமப்படும் ‘மயஸ்தீனியா கிராவிஸ்’ நோயாளிகளின் நிலை அப்படியே அங்கே தெரிந்தது. காரணம் புரியாத பலவீனமாக இருந்த ஒன்று, சிகிச்சைக்குரிய தன்னெதிர்ப்பு நோயாக விளங்கியது. அதற்கு முன் எத்தனை பேர் சோம்பேறி என்ற பட்டத்துடன் வாழ்ந்திருப்பார்கள் என்று நான் எண்ணியதுண்டு.

இனி மூளைக்கு வருவோம். மூளையிலும் இதே குடும்பத்து ஏற்பிகள் உண்டு. ஆனால் துண்டுகளின் சேர்க்கை வேறு. ஆல்பா-4, பீட்டா-2 என்ற துண்டுகளால் ஆனவை அங்கே மிகுதி. கவனம், விழிப்பு, கற்றல் ஆகியவற்றில் அவற்றுக்குப் பங்குண்டு. புகைப்பவரின் தசைகள் ஏன் லாங்லியின் கோழியைப் போல இறுகிவிடுவதில்லை என்று மாணவர்கள் கேட்பார்கள், நல்ல கேள்வி. மூளையின் ஏற்பி நிகோடினைப் பற்றும் வலிமை, தசை ஏற்பியைவிடப் பன்மடங்கு அதிகம். ஒட்டும் இடத்தை ஒட்டியுள்ள ஒரேயொரு அமினோ அமில வேறுபாடு அதற்கு முக்கியக் காரணம் என்று கலிபோர்னியா தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள் 2009-இல் காட்டினர். அந்த ஓர் எழுத்து மாறியிருந்தால், முதல் சிகரெட்டே மனிதனைத் தரையில் வீழ்த்தியிருக்கும். புகையிலை வணிகம் தோன்றியே இருக்காது.

இழுத்த புகையின் நிகோடின் பத்து, இருபது விநாடிகளில் மூளையை எட்டுகிறது. ஓரிரு இழுப்புகளே ஆல்பா-4 பீட்டா-2 ஏற்பிகளில் பாதியை நிரப்பிவிடுகின்றன என்று 2006-இல் வெளியான மூளைப் படமெடுப்பு ஆய்வு ஒன்று காட்டியது. விளைவாக, இன்பத்தோடும் நாட்டத்தோடும் தொடர்புடைய டோபமைன் சுரக்கிறது. பீட்டா-2 துண்டு இல்லாதபடி மரபணு நீக்கப்பட்ட எலிகள் நிகோடினைத் தேடிச் செல்வதில்லை என்பது 1998-இல் தெரிந்தது. ஆசையின் இருப்பிடம் அவ்வளவு குறிப்பானது.

சிக்கல் இதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. அசிட்டைல்கோலினைச் சிதைக்கும் நொதியால் நிகோடினைச் சிதைக்க முடியாது. அது மணிக்கணக்கில் தங்குகிறது. விடாமல் தட்டப்படும் கதவுகள் மரத்துப்போகின்றன. மூளை அதை ஈடுசெய்வதுபோல் ஏற்பிகளின் எண்ணிக்கையைக் கூட்டுகிறது. நெடுநாள் புகைத்தவர்களின் மூளையில் ஏற்பிகள் மற்றவர்களைவிட அதிகம் இருப்பது, இறந்தவர்களின் மூளைத் திசுவிலும் உயிருள்ளவர்களின் மூளைப் படத்திலும் காணப்பட்டிருக்கிறது. இரவு முழுவதும் நிகோடின் இல்லாமல் கழியும்போது மரத்த ஏற்பிகள் விழித்துக்கொள்கின்றன. விடியலில் அத்தனையும் ஒருசேரக் கேட்கின்றன. எரிச்சல், கவனச்சிதறல், இன்னதென்று சொல்லவியலாத தவிப்பு. நாளின் முதல் சிகரெட்டே ருசியானது என்று புகைப்பவர்கள் சொல்வதன் பொருள் இதுவே. உண்மையில் அது ருசியன்று. தவிப்பு அடங்கும் நிம்மதி.

கூடிய ஏற்பிகள் பழைய எண்ணிக்கைக்குத் திரும்ப ஆறு முதல் பன்னிரண்டு வாரங்கள் ஆகின்றன. என் மூன்று முயற்சிகளும் முடிந்தது எப்போதென்று நாட்குறிப்பில் தேடிப் பார்த்தேன்: ஒன்பதாம் நாள், பதினேழாம் நாள், நான்காவது வாரம். ஏற்பிகளின் கணக்குப்படி, பாதிக் கிணறு தாண்டுவதற்குள் மூன்று முறையும் விழுந்திருந்தேன்.

எல்லோருக்கும் கிணற்றின் அகலம் ஒன்றல்ல. ஆல்பா-5 துண்டின் மரபணுவில் காணப்படும் ஒரு மாற்றம், நாளொன்றுக்கு அதிக சிகரெட் புகைப்பதோடும் நுரையீரல் புற்றுநோய் அபாயத்தோடும் தொடர்புடையது என்று 2008-இல் வெளியான ஆய்வுகள் கண்டன. ஒரே அறையில் தங்கிப் படித்த இருவரில் ஒருவர் விருப்பம்போல் விட்டுவிடுவதும் மற்றவர் திணறுவதும் குணநலனை மட்டும் பொறுத்ததன்று. எல்லாவற்றையும் ஏற்பியின் மீதே ஏற்றிவிடவும் எனக்கு விருப்பமில்லை. தேநீர்க் கடை, நண்பர்கள், தேர்வுத்தாள் திருத்தும் இரவு ஆகியவையும் என்னைக் கட்டிவைத்த கயிறுகள்தாம்.

நிகோடின் மூளைக்கு நல்லது என்றொரு பேச்சு இப்போது இணையத்தில் உலவுகிறது. புகைப்பவர்களிடையே பார்க்கின்சன் நோய் குறைவாகக் காணப்படுவது உண்மை. ஆனால் நோயாளிகளுக்கு நிகோடின் பட்டையை ஒட்டிச் சோதித்தபோது நோயின் வேகம் குறையவில்லை. 2023-இல் அம்முடிவு வெளியானது. ஆல்பா-7 ஏற்பி அழற்சியைக் கட்டுப்படுத்துவதில் பங்காற்றுகிறது என்ற 2003-ஆம் ஆண்டுக் கண்டுபிடிப்பு மதிப்புமிக்கது; அதே ஏற்பியைக் குறிவைத்து மனநோய்க்கென உருவாக்கப்பட்ட மருந்துகளோ பெரிய சோதனைகளில் ஏமாற்றமளித்தன. கதவைக் கண்டுபிடிப்பதும் அதற்குப் பொருத்தமான சாவியை வார்ப்பதும் வெவ்வேறு வேலைகள்.

பொருந்திய சாவி ஒன்று உண்டு. லேபர்னம் என்ற ஐரோப்பிய மரத்தின் விதைகளில் உள்ள சைட்டிசின், நிகோடினைப் போலவே மூளையின் ஏற்பியில் ஒட்டக்கூடியது. பல்கேரியாவில் 1964 முதலே புகைப்பதை விடும் மாத்திரையாக அது விற்கப்பட்டது. அதை முன்மாதிரியாகக் கொண்டு உருவானதே 2006-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற வரெனிக்லின். இது கதவைப் பாதியளவே திறக்கிறது. அதனால் தவிப்பு தணிகிறது. சாவித்துளை ஏற்கெனவே நிரம்பியிருப்பதால், சபலப்பட்டுப் புகைத்தாலும் பழைய இன்பம் கிடைப்பதில்லை. மனநிலையைக் கெடுக்கும் என்ற அச்சம் தொடக்கத்தில் இருந்தது. எட்டாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் நடந்த ஆய்வு அந்த அபாயம் குறிப்பிடத்தக்க அளவில் கூடவில்லை என 2016-இல் கண்டது. மருந்தின்றி முயல்வதைவிட வெற்றி வாய்ப்பை இது இரட்டிப்புக்கு மேல் உயர்த்துகிறது. அப்படியும் ஓராண்டுக்குப் பின் புகைக்காமல் இருப்பவர்கள் பாதிக்கும் குறைவே. மாயமருந்து என்று எவரேனும் விற்றால் நம்ப வேண்டாம்.

இந்தியாவில் 2016-17-இல் நடந்த கணக்கெடுப்பின்படி, வயது வந்தோரில் 28.6 விழுக்காட்டினர் புகையிலையை ஏதேனும் ஒரு வடிவில் பயன்படுத்துகின்றனர். புகைப்போர் 10.7 விழுக்காடு, மெல்லுதல் போன்ற புகையில்லாப் பயன்பாடு 21.4 விழுக்காடு. மேற்சொன்ன மருந்துகளைப் பற்றிய ஆய்வுகளில் பெரும்பகுதி சிகரெட் புகைப்போரைப் பற்றியது. நம் நாட்டில் அதிகம் பேர் வாயில் அடக்கும் பொருளுக்கு ஆய்வு குறைவு. இது என் துறையினர் வெட்கப்பட வேண்டிய இடைவெளி.

நிகோடின் மாற்று மருந்துகள் 2022-இல் தேசிய இன்றியமையா மருந்துகள் பட்டியலில் சேர்க்கப்பட்டன. பட்டியலில் இருப்பது வேறு, நோயாளியின் கைக்கு வருவது வேறு. நீரிழிவுக்காரரிடம் மன உறுதியோடு சர்க்கரையைக் குறையுங்கள் என்று மட்டும் சொல்லி அனுப்பும் மருத்துவரை நாம் ஏற்க மாட்டோம். இருமலோடு வரும் பீடித் தொழிலாளியிடம் அதையே செய்கிறோம். ஆரம்ப சுகாதார நிலையத்தில், இரத்த அழுத்த மாத்திரை தரும் அதே சாளரத்தில் நிகோடின் மெல்பசையும் வரெனிக்லினும் பன்னிரண்டு வாரங்களுக்குத் தரப்பட வேண்டும். கட்டணமற்ற ஆலோசனைத் தொலைபேசி எண் 1800-11-2356 சிகரெட், பீடி உறைகளிலேயே அச்சாகியிருக்கிறது. புகைத்த காலத்தில் நான் அதன் பக்கம் கண்ணைத் திருப்பியதில்லை.

நான்காம் முறை மருந்தின் துணையோடு விட்டேன். இப்போது ஆறாவது ஆண்டு நடக்கிறது. அன்று கேள்வி கேட்ட மாணவி இன்று ஒரு மாவட்டத்தில் பொது மருத்துவராக இருக்கிறார். சில மாதங்களுக்கு முன் தொலைபேசியில் அழைத்து, தம் தந்தை பீடியை விட மறுக்கிறார், என்ன சொல்லிப் புரியவைப்பது என்று கேட்டார். காலையில் எழுந்து எத்தனை நிமிடத்தில் முதல் பீடியைப் பற்றவைக்கிறார் என்று கேட்டேன். ஐந்து நிமிடம்கூட ஆகாது என்றார். அப்படியானால் புரியவைப்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் அம்மா, முதலில் அவருடைய சிறுநீரகச் செயல்பாட்டுப் பரிசோதனை முடிவை எனக்கு அனுப்புங்கள், மருந்தின் அளவை முடிவு செய்வோம் என்றேன்.