இயற்கைசார் உள்ளக வடிவமைப்பும் மனநலமும்

பகல் வெளிச்சம், காற்றோட்டம், செடிகள், மரம், கல் ஆகியவற்றையும், வெளியிலுள்ள பசுமையைக் காணும் வசதியையும் கட்டடத்தின் உட்புறத்தில் திட்டமிட்டு அமைக்கும் முறை இயற்கைசார் உள்ளக வடிவமைப்பு எனப்படும். ஆங்கிலத்தில் இது பயோபிலிக் டிசைன் என அழைக்கப்படுகிறது. 'பயோபிலியா' என்பதற்கு உயிர்களின் மீதான நேசம் என்று பொருள். உளவியலாளர் எரிக் ஃபுரோம் கையாண்ட இச்சொல், உயிரியலாளர் எட்வர்ட் ஓ. வில்சன் 1984இல் இதே பெயரில் எழுதிய நூலால் பரவலாக அறியப்பட்டது.

சன்னல் ஆய்வு

அதே 1984இல் ரோஜர் உல்ரிச் என்ற அமெரிக்க ஆய்வாளர் 'சயன்ஸ்' இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார். பென்சில்வேனியா மாநில மருத்துவமனை ஒன்றில் 1972 முதல் 1981 வரை பித்தப்பை அறுவை சிகிச்சை பெற்ற 46 பேரின் பதிவேடுகளை அவர் ஒப்பிட்டார். வயது, பால் முதலியவற்றில் ஒத்தவர்கள் 23 இணைகளாகப் பிரிக்கப்பட்டனர். ஒவ்வோர் இணையிலும் ஒருவருடைய அறைச் சன்னல் வழியே மரங்கள் தெரிந்தன. மற்றவருக்குச் செங்கல் சுவர் மட்டுமே தெரிந்தது.

மரங்களைக் கண்டவர்கள் சராசரியாக 7.96 நாட்களிலும், சுவரைக் கண்டவர்கள் 8.70 நாட்களிலும் வீடு திரும்பினர். முன்னவர்களுக்கு வலிமை மிக்க வலிநிவாரணிகள் குறைவாகவே தேவைப்பட்டன. அவர்களைப் பற்றிச் செவிலியர் எழுதிய பாதகமான குறிப்புகளும் குறைவு. எனினும், பதற்றம் தணிக்கும் மருந்துகளின் அளவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை.

காரணங்கள்

இயற்கைக் காட்சி மன அழுத்தத்தை விரைவில் தணிக்கிறது என்பது உல்ரிச்சின் விளக்கம். ரேச்சல் கப்லான், ஸ்டீபன் கப்லான் ஆகியோர் வேறொரு விளக்கம் தந்தனர். படிப்பதற்கும் கணக்கிடுவதற்கும் முயன்று செலுத்தும் கவனம் களைப்படையும். அசையும் இலைகளும் நகரும் மேகங்களும் முயற்சியின்றியே கவனத்தை ஈர்ப்பதால், களைத்த கவனம் ஓய்வு பெறுகிறது. காலை வெளிச்சம் உடல் கடிகாரத்தைச் சீராக்கி, இரவுத் தூக்கத்திற்கு உதவுகிறது. தூக்கம் சீரானால் மனநிலையும் சீராகும்.

வரம்புகள்

தொட்டிச் செடிகள் அறைக் காற்றைத் தூய்மையாக்கும் என்ற நம்பிக்கை, நாசா 1989இல் வெளியிட்ட ஆய்வை ஒட்டிப் பரவியது. அச்சோதனை மூடிய சிறு கூண்டுகளுக்குள் நடத்தப்பட்டது. சாதாரண அறையில் சன்னல் வழியே வரும் காற்றோட்டமே அப்பணியை மிக விரைவாகச் செய்துவிடும். மனச்சோர்வு போன்ற நோய்களுக்குரிய சிகிச்சைக்கும் செடிகள் மாற்றாகா.

இவ்வடிவமைப்புக்குப் பெருஞ்செலவு தேவை என்பதும் இல்லை. நோயாளியின் கட்டிலையோ மாணவரின் மேசையையோ மரம் தெரியும் சன்னலை நோக்கித் திருப்பிப் போடுவதும் இதில் அடங்கும்.