கிரிவலப் பாதையில் பிரேக்கும் விளக்கும்

திருவண்ணாமலையில் அருணாசலத்தை வலம் வருவோர் நடக்கும் 14 கிலோமீட்டர் பாதை யாத்ரீகர்களுக்கென்றே பிரத்தியேகமாக ஒதுக்கப்பட்ட வீதி அன்று. அதன் தொடக்கப் பகுதி செங்கம் சாலையோடு இணைந்து செல்வதால், ரமணாசிரமத்தைக் கடந்து மேற்கே நடக்கிறவர், கிருஷ்ணகிரி மார்க்கத்துப் பஸ்களுக்கும் லாரிகளுக்கும் அருகிலேயே நடந்தாக வேண்டும். அப்பால் ஆதி அண்ணாமலைப் பக்கமும் ஆட்டோக்களும் மோட்டார் சைக்கிள்களும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. பௌர்ணமியன்றும் கார்த்திகை தீபத்தன்றும் போலீஸார் வாகனப் போக்குவரத்தைக் கட்டுப்படுத்துவதால் அபாயம் ஓரளவு குறைகிறது. மற்ற நாட்களில், வெயிலுக்கு அஞ்சிப் பின்னிரவிலோ விடியற்காலையிலோ வெறுங்காலோடு புறப்படும் பக்தர்களுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. மலையை ஒட்டிய வலப்புறத்தைச் சித்தர்களுக்கு விட்டுச் சாலையின் இடப்பக்கமாகவே நடக்க வேண்டும் என்பது சம்பிரதாயம். ஆகவே அவர்கள் போகும் திசையிலேயே வரும் வண்டி முதுகுப்புறமாக வருகிறது. அதை அவர்கள் காண்பதில்லை. அதை ஓட்டுகிறவர் அவர்களைக் கண்டாக வேண்டும், கண்டவுடன் நிறுத்தியாகவும் வேண்டும். முன் பின் அறியாத ஒருவருடைய வண்டியின் பல்பையும் பிரேக் ஷூவையும் நம்பியே அவர்கள் உயிர் இருக்கிறது.

விபத்து நேர்ந்த இடத்தில் முதலில் காதில் விழும் சமாதானம், "பிரேக் பிடிக்கவில்லை" என்பது. இதைக் கேட்டுச் சுற்றி நிற்பவர்கள் விதியை நொந்துகொண்டு கலைந்துவிடுகிறார்கள். அடிபட்டவருடைய குடும்பத்தாரும் யாரையும் குற்றம் சொல்வதற்கில்லை என்று எண்ணி வீடு திரும்புகிறார்கள். சட்டம் அவ்வாறு எண்ணவில்லை. 1988 ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 190 ஆவது பிரிவின் பிரகாரம், ஓட்டுகிறவருக்குத் தெரிந்திருந்த குறை மட்டுமல்லாமல், சாதாரண ஜாக்கிரதை இருந்தால் தெரிந்துகொண்டிருக்கக்கூடிய குறையும் குற்றமே; அதற்கு 1,500 ரூபாய் அபராதம் உண்டு, அந்தக் குறையால் ஒருவர் காயமுற்றால் மூன்று மாதம் வரை சிறைத் தண்டனையும் உண்டு. வண்டியின் பாகம் பழுதானதே காரணம் என்று சொல்லும் உடைமையாளர், அது வெளியே தெரியாத மறைவான குறை என்பதையும், தாம் எடுக்க வேண்டிய ஜாக்கிரதைகளை எல்லாம் எடுத்திருந்ததையும் தாமே நிரூபிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1977 இலேயே தீர்ப்பளித்திருக்கிறது. 2001 இல் கௌஷ்ணுமா பேகம் வழக்கில், முன்சக்கர டயர் வெடித்துக் கவிழ்ந்த ஜீப்பில் அடிபட்டு இறந்த பாதசாரியின் குடும்பத்துக்கு, ஓட்டுநர்மேல் கவனக்குறைவு நிரூபணமாகாத நிலையிலும், நஷ்ட ஈடு கிடைக்கச் செய்தது அதே நீதிமன்றம்.

உண்மையில், பிரேக் என்பது திடீரென்று கைவிடுவது மிக அபூர்வம். பல நாட்கள் முன்னரே அது அறிகுறி காட்டிக்கொண்டுதான் இருக்கும். பெடல் வழக்கத்தைவிட ஆழமாக இறங்குவது, ஷூ தேய்ந்து இரும்போடு இரும்பு உராயும் ஓசை, நிறுத்தும்போது வண்டி ஒரு பக்கமாக இழுப்பது, டப்பாவில் பிரேக் ஆயில் மட்டம் குறைந்துகொண்டே வருவது ஆகிய இவற்றில் எதுவும் மெக்கானிக்குக்கு மட்டும் புரியக்கூடிய ரகசியம் அன்று. பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சிக்கொள்ளும் இயல்புடையது. ஈரம் ஏறிய ஆயில் சூட்டில் கொதித்து ஆவிக் குமிழ்களாகிவிட, மிதித்த விசை சக்கரத்தைச் சேராமல் பெடல் தரையைத் தொட்டுவிடுகிறது. போளூரிலிருந்து ஜமுனாமரத்தூருக்கு ஜவ்வாது மலை ஏறிவிட்டு, பெட்ரோலை மிச்சப்படுத்த எண்ணி நியூட்ரலில் போட்டுக்கொண்டு, பிரேக்கை மட்டுமே நம்பி இறங்குகிறவர்களுக்கு நேர்வது பெரும்பாலும் இதுதான். ஏறுவதற்குப் போட்ட தாழ்ந்த கியரிலேயே இறங்குவதும், இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை ஆயிலை மாற்றுவதும் போதும், செலவு சொற்பம். கார்த்திகை மாதமோ மழைக்காலம். டிரம்முக்குள் நீர் புகுந்த வண்டி முதல் மிதிக்குக் கட்டுப்படாதாகையால், தேங்கிய நீரைக் கடந்ததும் மெதுவாக ஓட்டியபடியே பிரேக்கை இலேசாக அழுத்திக் காயவைத்துக்கொள்ள வேண்டும். இரு சக்கர வண்டிக்காரர்களில் பலர், விழுந்துவிடுவோம் என்ற பயத்தால் முன் பிரேக்கைத் தொடுவதே இல்லை. நிற்கும்போது பாரம் முன்னால் சாய்வதால், வண்டியை நிறுத்தும் சக்தியில் பெரும் பங்கு அந்த முன்சக்கரத்தில்தான் இருக்கிறது. தீபத் திருவிழாவின் ஏழாம் நாள் மகா ரதத்தை வடம் பிடித்து இழுப்போர் ஆயிரக்கணக்கானோர் இருந்தும், முட்டுக்கட்டை போடுகிறவரின் கண்ணும் கையும் தவறலாகாது என்பதைத் தலைமுறை தலைமுறையாக அறிந்த ஊர் இது.

40 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு விநாடியில் 11 மீட்டர் கடந்துவிடுகிறது. ஓட்டுகிறவர் கண்டு, உணர்ந்து, கால் அசைப்பதற்குள் அவ்வளவு தூரம் போய்விடும். மங்கிய ஹெட்லைட்டில் காவி வேட்டி ஒன்று புலப்படும்போது மிச்சமிருக்கும் தூரம் போதுமா என்பதே கேள்வி. கண்ணாடியில் படியும் புழுதியைத் துடைப்பதும், பிரேக் மிதித்தால் பின்னால் சிவப்பு விளக்கு எரிகிறதா என்று மாலையில் சுவர்ப் பக்கமாக நிறுத்திப் பார்ப்பதும் ஒரு நிமிஷ வேலை. இதற்கு நேர்மாறாக, கண்ணைப் பறிக்கும் எல்.ஈ.டி. விளக்குகளைப் பொருத்திக்கொண்டு டிம் அடிக்காமல் வருவதும் குற்றமே. எதிரே வருகிறவருக்குச் சிறிது நேரம் பாதையே தெரியாமல் போகும் அந்த வேளையில், ஓரமாக நடப்பவரே அடிபடுகிறார்.

ஆட்டோ முதலிய வாடகை வாகனங்கள், முதல் எட்டு ஆண்டுகள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும், பிறகு ஆண்டுதோறும் எஃப்.சி. என்னும் தகுதிச் சான்று எடுத்தாக வேண்டும். சொந்த உபயோகத்துக்கான இரு சக்கர வண்டிக்கோ, பதிவைப் புதுப்பிக்கும் 15 ஆம் ஆண்டு வரையில் அத்தகைய சோதனை இல்லை. அதைக் கவனிக்கும் பொறுப்பு முழுவதும் உடைமையாளரையே சேர்ந்தது. எஃப்.சி. காலாவதியான, விளக்கில்லாத ஆட்டோவில் ஏற மறுக்கவும், அதன் எண்ணைக் குறித்து வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குப் புகார் எழுதவும் பயணிக்கு முழு உரிமை உண்டு.

விபத்து நேர்ந்துவிட்டால், 108 ஐ அழைத்து ஆஸ்பத்திரியில் சேர்ப்பவர் அஞ்ச வேண்டியதில்லை. உதவியவர்மேல் வழக்கு வராது, பெயர் சொல்லும்படி கட்டாயப்படுத்தவும் முடியாது. தமிழக அரசு 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில், அதில் சேர்ந்த ஆஸ்பத்திரிகளில் முதல் 48 மணி நேர அவசர சிகிச்சை இலவசம். அடுத்து, முதல் தகவல் அறிக்கையின் நகலையும், வண்டியைச் சோதித்த மோட்டார் வாகன ஆய்வாளரின் அறிக்கை நகலையும் கேட்டுப் பெற வேண்டும். பிரேக்கின் நிலை அதில்தான் எழுதப்பட்டிருக்கும். நஷ்ட ஈட்டு மனுவை ஆறு மாதத்துக்குள் கொடுக்கச் சட்டம் சொல்கிறது. சேலத்திலிருந்தோ சென்னையிலிருந்தோ வந்து அடிபட்டவர் வழக்குக்காக இவ்வூருக்கு அலைய வேண்டியதில்லை. தாம் வசிக்கும் ஊரின் தீர்ப்பாயத்திலேயே மனுச் செய்யலாம் என்பதைப் பலரும் அறியாமல் உரிமையைக் கைவிட்டுவிடுகிறார்கள். யாருடைய குற்றம் என்று நிரூபிக்காமலே, இன்ஷூரன்ஸ் உள்ள வாகனத்தால் மரணமானால் 5 லட்சமும் கொடுங்காயத்துக்கு 2.5 லட்சமும் பெறவும் வழியுண்டு. இடித்துவிட்டு மறைந்த வண்டியானால், விசாரணை அதிகாரியாகிய தாசில்தார் போன்ற வருவாய்த் துறையினர் மூலம் முறையே 2 லட்சமும் 50,000 ரூபாயும் கிடைக்கும். வக்கீல் வைக்க வசதியற்றவர்கள் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை 15100 என்ற எண்ணில் அழைக்கலாம்.

பட்டறையில் போலிப் பிரேக் ஷூ மாட்டியதாலோ வேலையை அரைகுறையாகச் செய்ததாலோ கேடு விளைந்திருந்தால், அது சேவைக் குறைபாடு. இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், வக்கீல் இல்லாமலும், கொடுத்த தொகை 5 லட்சத்துக்கு உட்பட்டதானால் கட்டணம் இல்லாமலும் முறையிடலாம். முறையிடும் வகையை 1915 என்ற எண்ணில் விசாரித்துக்கொள்ளலாம். முறையீட்டுக்கு முக்கிய ஆதாரம் பில்தான். வேலை முடிந்ததும் அதைக் கேட்டு வாங்குவதோடு, கழற்றிய பழைய ஷூவையும் கையோடு வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.