காசின் மேல் ஒரு பெயர்: யார் அந்த ஆள், தெரியுமா?

கள்ளக்குறிச்சி மாவட்டத்து ஆற்று மணலுக்குள் ஒரு வள்ளலின் குலப்பெயர் செம்பில் எழுதிக் கிடந்தது தெரியுமா? திருக்கோவிலூரில் தென்பெண்ணை ஆற்றுப் படுகையில் கிடைத்த சின்னஞ்சிறு செப்புக் காசுகளைத்தான் சொல்கிறேன். ஒரு பக்கம் குதிரை நிற்கிறது. மறுபக்கம் மலையும் வளைந்தோடும் ஆறும். சில காசுகளில் தமிழ் பிராமி எழுத்தில் ‘மலையமான்’ என்றே இருக்கிறது! கடையெழு வள்ளல்களில் ஒருவனான மலையமான் திருமுடிக்காரியின் குலம் அது. அவன் ஏறிய குதிரையின் பெயரும் காரிதான் என்று சங்கப் பாட்டு சொல்கிறது. பாட்டில் ஓடிய குதிரை காசிலும் நிற்கிறதே, இதைவிட என்ன வேண்டும்! இந்தக் காசுகளைத் தேடிச் சேர்த்துப் படித்தவர் தினமலர் ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி. ‘சங்ககால மலையமான் நாணயங்கள்’ என்று தனி நூலே எழுதினார்.

அதே வட்டாரத்தில் காரியின் எதிரி பெயரும் இருக்கிறது தெரியுமா? தகடூர் அதியமான் நெடுமான் அஞ்சி, காரியின் ஊரான திருக்கோவலூர் (இன்றைய திருக்கோவிலூர்) மேல் படையெடுத்து வென்றதை ஔவையார் பாடியிருக்கிறார். 1981இல் திருக்கோவிலூர் பக்கத்து ஜம்பையில் ஒரு குன்றின் குகையில் ஒற்றை வரிக் கல்வெட்டு வெளிப்பட்டது. ‘சதியபுதோ’ என்ற பட்டத்தோடு அதியன் நெடுமான் அஞ்சி, துறவிகள் தங்க இந்தக் குகையைக் கொடுத்தான் என்கிறது அது. சோழர், பாண்டியர், கேரளபுத்திரரோடு சேர்த்து அசோகர் தன் பாறைக் கட்டளையில் குறிப்பிட்ட சதியபுத்திரர் யார் என்று அதுவரை அறிஞர்கள் ஆளுக்கொரு பதில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பல தலைமுறைச் சண்டையை ஒரே வரி தீர்த்துவைத்தது! காரியின் குலப்பெயர் காசில், அவனை வென்றவன் பெயர் கல்லில், இரண்டும் ஒரே மாவட்டத்தில்.

அரசன் பெயர் இருக்கட்டும், பாட்டில் இல்லாதவன் பெயர் காசில் இருந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது? திருவண்ணாமலை மாவட்டம் செங்கம் பக்கத்து ஆண்டிப்பட்டியில் ஈயக் காசுப் புதையல் ஒன்று கிடைத்தது. அந்தக் காசுகளில் ‘அதினன் எதிரான் சேந்தன்’ என்று படிக்கிறார்கள். பின்பக்கம் இங்கேயும் மலையும் ஆறும். மலைநாட்டுத் தலைவன் ஒருவன் என்பது மட்டும் தெளிவு. எழுத்தின் வடிவத்தை வைத்துக் காலம் கணிக்கலாம். காசு கிடைத்த இடம் அவன் நாட்டைக் காட்டும். மூன்றாவதாக, அதே பெயர் வேறெங்கே வருகிறது என்று தேட வேண்டும். தேடினால் கீழடிப் பானை ஓட்டில் ஒரு சேந்தன்! இருவரும் ஒருவரே என்று சொல்ல முடியாது. ஆனால் அந்தக் காலத்தில் ஆட்கள் உண்மையாகவே வைத்துக்கொண்ட பெயர் அது என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

கடல் தாண்டினால் இன்னும் வியப்பு. இலங்கையின் தென்கோடியில் திஸ்ஸமகாராம பக்கம் அக்குருகொடையில் கிடைத்த ஈயக் காசுகளில் உதிரன், மகாசாத்தன் என்று தமிழ்ப் பெயர்கள்! ‘கபதி’ என்ற அடைமொழியோடு ஒரு பெயர். வணிகக் குடும்பத் தலைவர்களுக்கு வழங்கிய பட்டம் அது. வணிகர்களே தங்கள் பெயரில் காசு விட்டிருக்கிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

ஏற்கெனவே அடித்த காசின் மேல் பிறகு வேறொருவர் குத்திய குறிகளும் உண்டு தெரியுமா? கல்யாணப் பாத்திரத்தில் பெயர் வெட்டுகிறோமே, அதைப்போல. பழங்கால முத்திரைக் காசுகளின் பின்பக்கத்தில் சின்னச் சின்னக் குறிகள் இருக்கும். கணித அறிஞர் டி. டி. கோசாம்பி, தட்சசீலத்தில் கிடைத்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட வெள்ளிக் காசுகளை ஒவ்வொன்றாக எடை போட்டார். பின்பக்கக் குறிகள் கூடக் கூட எடை குறைந்துகொண்டே போனது! கைமாறிக் கைமாறித் தேய்ந்த காசை அவ்வப்போது சோதித்து யாரோ குறி போட்டிருக்கிறார்கள் என்று முடிவுகட்டினார். நாணயத்தின் கதையைத் தராசிலேயே படித்த மனிதர்! முகலாயர் காலத்திலும் கம்பெனி காலத்திலும் சராப்புகள் என்ற காசு மாற்றுவோர் ரூபாயைக் குத்திப் பார்த்துத் தங்கள் குறியைப் பதித்தார்கள். உள்ளே செம்பு, மேலே வெள்ளிப் பூச்சு என்றால் அந்தக் குத்தில் குட்டு உடைந்துவிடும்.

குறி போடாமல் வெட்டியே விட்டதும் உண்டு. 1898இல் புதுக்கோட்டைப் பக்கம் கிடைத்த 501 ரோமானியத் தங்கக் காசுகளில் பெரும்பாலானவற்றில் பேரரசர் முகத்தின் குறுக்கே உளிவெட்டு விழுந்திருக்கிறது. மறுபடி காசாகப் புழங்கக்கூடாது என்று வெட்டியதாக அறிஞர்கள் கருதுகிறார்கள்.

வெளிநாட்டில் காசின் மேல் பெயர் குத்தியது பற்றியே ஒரு தனி ஆராய்ச்சி உண்டு. நியூயார்க் பொற்கொல்லர் எஃப்ரெய்ம் பிராஷர், வெளிநாட்டுத் தங்கக் காசுகளை எடை பார்த்து ‘ஈ.பி.’ என்று தன் பெயரின் முதலெழுத்துகளைக் குத்திக் கொடுப்பார். ஜார்ஜ் வாஷிங்டனின் அண்டை வீட்டுக்காரர் அவர்! 1787இல் அவரே அடித்து அதே குத்தைப் பதித்த தங்க நாணயம் ஒன்று, 2021 ஏலத்தில் 93 லட்சத்து 60 ஆயிரம் டாலருக்குப் போனது. அமெரிக்காவின் பிட்ஸ்ஃபீல்டு ஊர்ப் பல் மருத்துவர் ஜி. ஜி. வில்கின்ஸ், புழக்கத்தில் இருந்த செப்புக் காசுகளில் தன் பெயரைக் குத்திக் குத்தியே விளம்பரம் தேடினார். இப்படிப்பட்டவர்களைப் பழைய ஊர் விலாசப் புத்தகத்திலும் மக்கள்தொகைக் கணக்கிலும் செய்தித்தாள் விளம்பரத்திலும் தேடிப் பிடிக்கிறார்கள். காசில் 1840 என்று இருந்தால் பெயர் அதற்கு முன் விழுந்திருக்க முடியாது. காசு நன்றாகத் தேய்ந்து, பெயர் மட்டும் கூர்மையாக நின்றால் பல ஆண்டுகள் கழித்துக் குத்தியது. இரண்டும் ஒன்றாகத் தேய்ந்திருந்தால் காசு புதிதாக இருந்தபோதே குத்தியது. எவ்வளவு எளிய கணக்கு!

கண் கலங்க வைக்கும் செய்தியும் உண்டு. பிரிட்டனிலிருந்து ஆஸ்திரேலியாவுக்கு நாடு கடத்தப்பட்ட கைதிகள், பென்னிக் காசைத் தேய்த்து மழமழப்பாக்கி, தங்கள் பெயரையும் மனைவி, காதலி பெயரையும் பொறித்துக் கொடுத்துவிட்டுக் கப்பல் ஏறினார்கள். ஆஸ்திரேலிய தேசிய அருங்காட்சியகத்தில் முந்நூறுக்கும் மேற்பட்டவை இருக்கின்றன.

கல்வராயன் மலையடிவாரத்தில் உழும்போதோ, தென்பெண்ணைக் கரையில் மண் அள்ளும்போதோ களிம்பு படிந்த காசு ஒன்று உங்கள் கைக்கு வரலாம். தயவுசெய்து புளி போட்டுத் தேய்க்காதீர்கள். பச்சைக் களிம்போடு எழுத்தும் போய்விடும். பழைய இரும்புக் கடைக்கும் போடாதீர்கள். எந்த இடத்தில், எவ்வளவு ஆழத்தில், எதனோடு கிடைத்தது என்று எழுதிவைத்துக்கொள்ளுங்கள். 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். ஊரில் கிராம நிர்வாக அலுவலரிடமோ வட்டாட்சியர் அலுவலகத்திலோ முதலில் சொல்லுங்கள்.