முகவரியின் இரு பகுதிகள்

திருவள்ளூரிலிருந்து கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைக்கு ஒரு கடிதம் செல்கிறது. உறையிலுள்ள 601201 என்னும் எண்ணே அதற்கு வழிகாட்டி. 1972ஆம் ஆண்டில் நம் நாட்டில் நடைமுறைக்கு வந்த அஞ்சல் குறியீட்டு எண்முறை, கடிதத்தை உரிய அஞ்சலகத்தில் சேர்க்கும். பெறுவோர் இன்னார் என அறிந்து கொடுப்பது அவ்வஞ்சலகத்தின் கடமையாகும்.

மின்னஞ்சலும் இவ்வாறே இயங்குகின்றது. தொடக்கத்தில் ஒரே கணினியைப் பயன்படுத்துவோர் மட்டுமே தமக்குள் செய்தி விடுத்தனர். ஆகவே பெறுவோர் பெயர் ஒன்றே போதியதாயிற்று. 1971இல் அமெரிக்கப் பொறியாளர் ரே டாம்லின்சன் ஒரு கணினியிலிருந்து மற்றொன்றுக்குச் செய்தி அனுப்பினார். ஆளின் பெயரையும் கணினியின் பெயரையும் பிரித்துக் காட்ட, '@' என்னும் குறியை இடையே அமைத்தார்.

இன்று அஞ்சலை ஏற்கும் மென்பொருள், முதற்கண் அக்குறியின் வலப்புறத்திலுள்ள களப்பெயரை நோக்கும். அது தனக்குரியதாயின், இடப்புறப் பெயருக்குரிய பெட்டியில் அஞ்சலை இட்டுவிடும். பிறிதொன்றாயின், அக்களத்தின் அஞ்சலை ஏற்கும் கணினி யாதெனக் களப்பெயர்ப் பதிவேட்டில் வினவி, அங்கு விடுக்கும். இடப்புறப் பெயர் யாருடையது என்று முடிவு செய்யும் உரிமை அக்கணினிக்கே உண்டு.

ஊரறிந்த அஞ்சற்காரர், உறையில் ஓரெழுத்துப் பிழைத்தாலும் ஆளை உணர்ந்து கொடுப்பார். கணினியோ அவ்வாறு உணராது. வேலை வேண்டி விடுத்த விண்ணப்பம் ஓரெழுத்துப் பிழையால் திரும்பி வரலாம். அயலார் பெட்டியிலும் விழலாம். ஆதலின், மாணவர்களே, அனுப்புமுன் முகவரியை எழுத்தெண்ணிப் படிப்பீராக.